பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்: பில் இல்லாத கேனைத் தொடாதீர்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கிளம்பும் நாளில் ஜெட்டிக்கு ஜெட்டி நடக்கிற கூத்து ஒன்று உண்டு. டீசல் பிடித்தாயிற்று, ஐஸ் ஏற்றியாயிற்று, வலையும் ஏறியாயிற்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ‘டொக்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. பக்கத்துப் படகின் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து எஞ்சினைக் கிளப்புகிறார்கள். “ரெண்டு மாசம் சும்மா கிடந்துச்சுல்ல, அதான் டவுன் ஆயிருச்சு” என்பார் ஒருவர். “இந்தக் கம்பெனி பேட்டரியே இப்படித்தான்” என்பார் இன்னொருவர். மூடியைக் கழற்றி, இதற்குள் இதுவரை என்ன தண்ணீர் ஊற்றினோம் என்று கேட்பவர்களைக் காணோம். கேட்டாலும் கேன் தண்ணி, ஏ.சி.யில் சொட்டின தண்ணி, ஐஸ் உருகின தண்ணி, கடையில் லூசாக ஊற்றிக் கொடுத்தது என்றுதான் பதில் வரும். பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்து விலையில் ஏதோ கழித்துக்கொண்டு புதுசை வாங்கி வந்து, அதிலும் அதே தண்ணீரை ஊற்றுகிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகும் ஒரு பொருளை, சில பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் நாசமாக்குவது ஒரு நஷ்டம். யாரிடம் கேட்டு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாமோ, அவரிடம் கேட்பதற்கான ஆதாரத்தையும் கையோடு தொலைத்துவிடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும். சார்ஜ் ஏறி முடியும் கட்டத்தில், 12 வோல்ட் பேட்டரியில் மின்னழுத்தம் சுமார் 14.4-ஐ நெருங்கும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து மூடியின் துளை வழியே போய்விடுகிறது. எஞ்சின் ரூமின் வெக்கை அதை இன்னும் வேகப்படுத்தும். குறைவது தண்ணீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் மட்டம் குறைந்தால் தண்ணீர் மட்டும் ஊற்றவேண்டும் என்கிறார்கள். ‘பவர் ஏறும்’ என்று ஆசிட் ஊற்றுகிறவர்கள் தகட்டை அரித்துத் தின்ன ஆள் அனுப்புகிறார்கள். ஊற்றும் தண்ணீரில் உப்போ இரும்போ இருந்தால் அதுவும் அமிலத்தைப் போலவே வெளியே போக வழியில்லாமல் தங்கிவிடும். உப்பளப் பாத்தியில் கடல்நீரை மறுபடி மறுபடி பாய்ச்சுவது போலத்தான் இது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் போகும், உப்பு மிஞ்சும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு கரைந்த போர் தண்ணீரை ஒரு செல்லுக்கு மாதம் 100 மில்லி ஊற்றினால், ஒரு வருடத்தில் அந்த ஒரு செல்லுக்குள் 360 மில்லிகிராம் சேர்ந்துவிடும். கடலோர ஊர்களின் போர் தண்ணீர் பலவற்றில் 300 என்பது குறைந்த கணக்கு. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, விரும்பத்தக்க அளவாக 500-ஐயும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரையும் அனுமதிக்கிறது. குடிக்கத் தகுந்த தண்ணீர் பேட்டரிக்கும் தகும் என்ற நினைப்பு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

இவற்றில் குளோரைடும் இரும்பும்தான் பெரிய எதிரிகள். குளோரைடு பாசிட்டிவ் தகட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கிறது. இரும்பின் வேலை இன்னும் தந்திரமானது. கரைந்த இரும்பு பாசிட்டிவ் தகட்டில் ஒரு நிலைக்கு மாறி, நெகட்டிவ் தகட்டுக்குப் போய்ப் பழைய நிலைக்குத் திரும்பி, மறுபடி பாசிட்டிவ்வுக்கு வரும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தகடுகளிலும் சேர்த்து வைத்த மின்சாரத்தில் கொஞ்சம் கரைந்துபோகும். ஒரு விளக்கும் எரியாவிட்டாலும் பேட்டரி தானே இறங்குவது இதனால்தான். ஜூன் மாதக் கூத்துக்கு விளக்கமும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. கடலில் இருக்கும்போது எஞ்சின் மணிக்கணக்கில் ஓடுகிறது, டைனமோ விடாமல் சார்ஜ் ஏற்றுகிறது, தானே இறங்கும் மின்சாரம் யார் கண்ணிலும் படுவதில்லை. தடைக்காலத்தில் படகு கரையேறி எஞ்சின் நின்றதும்தான் வருடம் முழுக்க ஊற்றிய தண்ணீர் தன் சுயரூபத்தைக் காட்டுகிறது. இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடக்கும் தகட்டில் ஈய சல்பேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் திரும்பாது. நல்ல தண்ணீர் ஊற்றிய பேட்டரிக்கும் தடைக்காலத்தில் மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டாகவேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தடைக்காலத்தின் மீது முழுப் பழியையும் போட்டு, தண்ணீரை விடுவித்துவிடக் கூடாது.

கைக்குக் கிடைக்கும் தண்ணீர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். கேன் தண்ணீர் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்ததுதான், ஆனால் ஆர்.ஓ. உப்பைக் குறைக்குமே தவிர முழுவதும் எடுக்காது. ருசிக்காகக் கொஞ்சம் உப்பை விட்டுவைப்பதும், திரும்பச் சேர்ப்பதும் அந்தத் தொழிலில் உண்டு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கிருமிக்கு மருந்து, உப்புக்கு இல்லை. காய்ச்சக் காய்ச்ச ஆவிதான் போகும், உப்பு செறிவாகும். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, ஆகவே சுத்தம் என்று சிலர் வாதிடுவார்கள். குளிரும் வரை சுத்தம்தான். அதன் பிறகு செம்புக் குழாய், அலுமினியத் தகடு, தூசி, பாசி எல்லாவற்றையும் தடவிக்கொண்டு பக்கெட்டுக்கு வருகிறது. செம்பின் சிறு துளியும் பேட்டரிக்கு ஆகாது. மழைத் தண்ணீர் விஷயத்தில், கூரையில் விழுந்து வழிந்தது கூடாது என்பதோடு, கடற்கரைக் காற்றிலேயே உப்பு இருக்கிறது என்பதையும் மறக்கிறார்கள். மோசமானது ஐஸ் உருகிய தண்ணீர். ஐஸ் பிளாண்டில் இரும்புக் கேன்களை உப்புக் கரைசல் தொட்டிக்குள் இறக்கித்தான் ஐஸ் உறைய வைக்கிறார்கள். கேனில் துரு, தொட்டியில் உப்பு, உள்ளே ஊற்றுவது பெரும்பாலும் போர் தண்ணீர். பேட்டரிக்கு ஆகாத அத்தனையையும் தேடிப் பிடித்துக் கட்டியாக்கியது போல இருக்கும்.

கடல் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதில் சுமார் 19 கிராம் குளோரைடு. இது அமிலத்தோடும் மின்னோட்டத்தோடும் சேரும்போது குளோரின் வாயு கிளம்பும். மூச்சை அடைக்கும் விஷவாயு அது. நீர்மூழ்கிக் கப்பல்களில் பேட்டரி அறைக்குள் கடல்நீர் புகுவதை மாலுமிகள் அஞ்சியது இதனால்தான். அடித்தட்டில் பேட்டரியை வைத்து, பில்ஜில் தண்ணீர் ஏறினால் அது நனையும் நிலையில் விட்டிருக்கும் படகுகள் நம் துறைமுகங்களில் எத்தனையோ. பேட்டரிப் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டுங்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று நடுக்கடலில் ஒரு கை கடல்நீரை அள்ளி ஊற்றாதீர்கள். தங்கல் தொழிலுக்குப் போகும்போது சீல் உடைக்காத ஒரு லிட்டர் கேனை ஏற்றிக்கொண்டால் இந்தப் பேச்சே எழாது. அதுவும் இல்லை, தகடு வெளியே தெரிகிறது, இரவைக் கடத்தியாகவேண்டும் என்ற நிலையில் குடிக்கிற பாட்டில் தண்ணீரைத் தகடு மூழ்கும் அளவு மட்டும் ஊற்றுவது, தகட்டைக் காயவிடுவதைவிடக் குறைந்த கேடு. அது ஒரு தடவைக்கான வழி, வாராவாரப் பழக்கமாக ஆகக்கூடாது. கடல் தண்ணீருக்கு அந்த ஒரு தடவை அனுமதியும் கிடையாது.

“எங்க அப்பா காலத்துல கிணத்துத் தண்ணிதான் ஊத்தினோம், பேட்டரி அஞ்சு வருஷம் நின்னுச்சே” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்துத் தகடுகள் கனமானவை, அரித்தாலும் தாங்கின. அன்றைய படகில் பேட்டரியின் வேலை எஞ்சினைக் கிளப்புவதும் நாலு விளக்கு எரிப்பதும்தான். இன்று ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். கருவி, செல்போன் சார்ஜர் என்று இராத்திரி முழுக்க அதை உறிஞ்சுகிறார்கள். வோல்டேஜ் கொஞ்சம் சரிந்தாலே இந்தக் கருவிகள் அணைந்துவிடும். பாக் நீரிணையில் எஞ்சின் கிளம்பாமல் நீரோட்டத்தில் இழுபடும் படகு எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிடிபட்ட பிறகு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால் வந்துவிட்டோம் என்றால் எந்தக் கடற்படை நம்பும்? கடலில் மாட்டிக்கொண்டால் கடலோரக் காவல்படையின் தேடல் மீட்பு எண் 1554, வி.எச்.எஃப்.பில் சேனல் 16. ஆனால் அந்த அழைப்பைப் போடுவதற்கும் பேட்டரியில் உயிர் இருக்கவேண்டும்.

சரி, எந்தத் தண்ணீரைத்தான் ஊற்றுவது? ஆவியாக்கி வடித்த டிஸ்டில்டு வாட்டர், அல்லது ரெசின் வழியே விட்டு உப்பு முழுவதையும் நீக்கிய டி.எம். வாட்டர். கடைகளில் டிஸ்டில்டு என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி இரண்டாவது வகைதான், அதில் தப்பில்லை. ரெசினைக் காலாகாலத்தில் புதுப்பித்திருந்தால் இரண்டும் பேட்டரிக்கு ஒன்றுதான். புதுப்பிக்காமல் ஓட்டினால், கேனில் ஒட்டிய பெயர் டிஸ்டில்டு, உள்ளே இருப்பது போர் தண்ணீர். பார்வைக்கு இரண்டும் பளிங்குதான், நாக்கும் உதவாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் உதவும். சோதிக்கப்போகும் தண்ணீரிலேயே மீட்டரின் முனையை இரண்டு முறை அலசி, சுத்தமான பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி முக்கிப் பாருங்கள். நல்ல பேட்டரி தண்ணீர் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். 10-ஐத் தாண்டினால் அந்தக் கேனைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம். மீட்டர் காட்டுவது மொத்த உப்பைத்தான். அதில் குளோரைடு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் பூச்சியத்தை ஒட்டி நிற்கும் தண்ணீரில் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு எச்சரிக்கை, மீட்டரைப் பேட்டரிக்குள் விட்டுப் பார்க்காதீர்கள். அமிலத்தை அளக்க ஹைட்ரோமீட்டர் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

ஊற்றும் முறையிலும் பாதி கேடு நடக்கிறது. முழு சார்ஜ் ஏறிய பிறகே மட்டம் பார்த்து ஊற்றவேண்டும். சார்ஜ் ஏறும்போது உள்ளே திரவம் உப்பும். முன்பே விளிம்பு வரை நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும், அப்புறம் டெர்மினலில் பச்சை பூக்கும், பெட்டி அரிக்கும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முதலில் அது மூழ்கும் அளவு ஊற்றி, சார்ஜ் போட்டு, பிறகு மட்டத்துக்குக் கொண்டுவரலாம். செம்பு, பித்தளை, இரும்புப் புனல் வேண்டாம், பிளாஸ்டிக் புனலை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். டீசல் ஊற்றிய புனலைத் துடைத்துப் பயன்படுத்துகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். மட்டம் தெரியவில்லை என்று லைட்டரைக் கொளுத்திப் பார்க்காதீர்கள், பீடியோடு குனியாதீர்கள். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பொறி பட்டால் வெடிக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணில் அமிலம் தெறித்தால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஆறு செல்லும் ஒரே மாதிரி தண்ணீர் குடித்தால் அது இயல்பு. வாராவாரம் அத்தனையும் வற்றினால் டைனமோவின் ரெகுலேட்டர் அதிகமாக ஏற்றுகிறது என்று பொருள், தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகாமல் எலக்ட்ரீஷியனிடம் காட்டவேண்டும். ஒரு செல் மட்டும் வற்றினால் அந்த செல்லில் கோளாறு, அதுதான் வாரண்டிக்குப் போகவேண்டிய நேரம். மூடியே இல்லாத சீல்டு பேட்டரியாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் தண்ணீர் ஊற்ற முயலாதீர்கள்.

இனிதான் பலரும் அலட்சியம் செய்யும் பகுதி. வாரண்டிக்குப் பேட்டரியைக் கொண்டுபோனால், ‘எலக்ட்ரோலைட் கெட்டிருக்கிறது, மட்டம் குறைந்திருக்கிறது, பராமரிப்புக் குறை’ என்று எழுதி வாரண்டியை மறுத்துவிட முடியும். அதற்குப் பதில் சொல்ல உங்கள் கையில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆகவே கேனை வாங்கும்போதே தொடங்குங்கள். சீல் உடைக்காத கேன்தான் வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதன் மேல் தயாரித்தவர் அல்லது அடைத்தவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், அளவு, மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் அந்தத் துறையின் கையில்தான் இருக்கிறது. பேட்டரி தண்ணீருக்கென்று ஐ.எஸ். 1069 என்ற இந்தியத் தரநிலை உண்டு. கேனில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் கூடவே தரநிலை எண்ணும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். உரிமம் இல்லாமல் முத்திரை குத்துவது 2016-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டப்படி குற்றம், அதே செயலியிலேயே புகாரும் செய்யலாம். ட்ரம்மிலிருந்து லூசாக ஊற்றிக் கொடுக்கும் தண்ணீருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. லேபிள் இல்லை, தேதி இல்லை, ஆள் இல்லை.

பில் வாங்குங்கள். முப்பது ரூபாய் கேனுக்கா பில் என்று கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கேட்டும் பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை என்றே எழுதப்பட்டிருக்கிறது. பில்லில் ‘பேட்டரி வாட்டர்’ என்றும், கேனில் உள்ள பெயரும், தேதியும் இருக்கட்டும். இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது ஏன் என்றால், அதே சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயம் படகுக்காரருக்காகவே எழுதியது போல இருக்கிறது. குறைபாடுள்ள ஒரு பொருளால் உங்களுடைய வேறொரு சொத்து கெட்டால் இழப்பீடு கேட்கலாம் என்கிறது அது. இங்கே குறைபாடுள்ள பொருள் தண்ணீர், கெட்டுப்போன சொத்து பேட்டரி. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றால் விற்றவரே பொறுப்பு என்கிறது 86-ஆவது பிரிவு. ஆக, பெயரில்லாத கேனை விற்ற கடைக்காரர் தப்ப முடியாது, ஆனால் அவர்தான் விற்றார் என்று காட்ட உங்களிடம் பில் வேண்டும். ஒரு எல்லையும் இருக்கிறது. தொழில் போன நஷ்டம், அந்த வாரம் கிடைக்காத மீனின் விலை போன்ற வணிக இழப்பை இந்த அத்தியாயத்தின்கீழ் கேட்க முடியாது. பேட்டரியின் விலையையும் அதற்குச் செய்த செலவையும் கேளுங்கள். லட்சங்களை எழுதி, நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவின் பலத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

படகு தொழிலுக்கானது, தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே சொல்வார். இதற்குப் பயந்து மனுவே போடாமல் விடுகிறார்கள். சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிகப் பயன்பாட்டில் சேர்க்கவில்லை. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க டாக்ஸி வாங்குபவர் நுகர்வோர்தான், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்று விளக்கியது. நாட்டுப்படகு, ஃபைபர் படகு வைத்துத் தானே கடலுக்குப் போகிறவர் இதில் தாராளமாக அடங்குவார். பல விசைப்படகுகளை ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்கு இந்த வாதம் பலிப்பது கடினம், அவர் சிவில் நீதிமன்றத்தைப் பார்க்கவேண்டியிருக்கலாம். ஒரே விசைப்படகை வைத்துத் தானும் தொழிலுக்குப் போகிறவர், மனுவின் முதல் பத்தியிலேயே ‘என் பிழைப்புக்காக நானே இயக்கும் படகு’ என்று எழுதி, படகுப் பதிவுச் சான்றையும் மீனவர் அடையாள அட்டையையும் சேர்க்கவேண்டும். அதோடு, பேட்டரி வாங்கும்போது வாரண்டி கார்டில் எந்தப் பயன்பாட்டுக்கு என்பதை உண்மையாக எழுதச் சொல்லுங்கள். லாரி நம்பரையோ டிராக்டர் நம்பரையோ ‘சும்மா’ எழுதி வாங்கினால் பிறகு கம்பெனியிடம் பேச வாயிருக்காது.

ஆதாரத்தைக் காப்பாற்றுவதுதான் இதில் கஷ்டமான பகுதி. சந்தேகம் வந்ததும் பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், கொடுத்துவிடாதீர்கள். அது போய்விட்டால் வழக்கும் போய்விட்டது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பழையதை முறையாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது உண்மைதான், ஆனால் தகராறு முடிந்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம். கேனில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கேனோடு மூடி, முடிந்தால் அதே தேதியில் அடைத்த சீல் உடையாத இன்னொரு கேனும் வாங்கி பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கேனில் நீங்களே கலந்துவிட்டீர்கள் என்ற வாதத்துக்கு அந்த இரண்டாவது கேன்தான் பதில். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் குளோரைடு, இரும்பு, கடினத்தன்மை பார்த்துச் சொல்வார்கள். வழக்குப் போடலாமா என்று முடிவெடுக்க அந்த அறிக்கை போதும். வழக்கு நடக்கும்போது, ஆணையமே மாதிரியை சீல் வைத்துத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு வழி செய்கிறது. அதை மனுவிலேயே கேளுங்கள். மாதிரி மிஞ்சவே இல்லை என்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2012-இல் ஒரு விதை வழக்கில், விவசாயி சோதனைக்கென்று விதையில் ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பிக் கேனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் என்பதுதான் என் கவலை.

முதலில் கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்புகையுடன் தபாலில் ஒரு கடிதம், பதினைந்து நாள் அவகாசம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, அந்தப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல சிறு தகராறுகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், 34-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் கிடையாது. நேரில் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம், வக்கீல் கட்டாயமில்லை. எழுதத் தெரியவில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். பேட்டரி கெட்டது தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போயிருக்கவேண்டும். அடுத்த தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு தடைக்காலத்தைக் கடத்திவிட்டு வருபவர்களுக்கு ஆணையம் கதவைத் திறக்காது.

அதிகாரிகளையும் சும்மா விட முடியவில்லை. தடைக்காலத்தில் மீன்வளத் துறை விசைப்படகுகளை ஆய்வு செய்கிறது. பதிவெண், நீளம், எஞ்சின் குதிரைத்திறன், வண்ணம், லைஃப் ஜாக்கெட் எல்லாம் பார்க்கிறார்கள். வி.எச்.எஃப். கருவி இருக்கிறதா என்று பார்க்கிற அதே ஆய்வில், அந்தக் கருவிக்கு உயிர் கொடுக்கும் பேட்டரியின் ஒரு மூடியைக் கழற்றி ஹைட்ரோமீட்டர் வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எடையளவு ஆய்வாளர்கள் தீபாவளிக்கு முன் இனிப்புக் கடை இனிப்புக் கடையாக ஏறி இறங்குகிறார்கள், துறைமுகச் சாலையில் பெயரில்லாத கேன்களை அடுக்கி வைத்திருக்கும் கடை அவர்கள் கண்ணில் படுவதில்லை. யாரும் எழுதிக் கொடுக்காததால் படுவதில்லை என்பதும் உண்மை. கடலோர மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. டீசல் மானியம், தூண்டில் வளைவு என்று போகும் மனுக்களோடு இதற்கும் ஒரு தாள் வையுங்கள். தடைக்கால ஆய்வில் பேட்டரியைச் சேர்க்கவும், துறைமுகப் பகுதிக் கடைகளில் பேட்டரி தண்ணீர் கேன்களைச் சோதிக்கவும் கேட்டு, கேனின் போட்டோவையும் பில் நகலையும் இணைத்துக் கொடுங்கள். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்காமல் கூட்டத்தை விட்டு எழுந்து வராதீர்கள்.